மாவுக்கட்டு அறை

ஞாயிறு இரவு தொலைக்காட்சியில்
ரெகுலா ஸ்பிண்டன்
ஓர் உள்ளங்கை அகலக் கட்டையின் மேல்
பின்னோக்கிப் புரண்டு
விழாமல் நின்றாள்.
திங்கள் காலை எட்டரைக்குள்
பூர்க்டோர்ஃப் ஆஸ்பத்திரிக்கு
நான்கு மணிக்கட்டுகள் வந்துவிட்டன.

சோபாவிலிருந்து ஒன்று.
எம்மே ஆற்றுப் பாலத்தின் கைப்பிடிச் சுவரிலிருந்து ஒன்று.
மூன்றாவது, தபால்காரர் மகன் லீனுஸ்,
அக்காவின் நீச்சலுடையில் வந்தான்,
மேலே அம்மாவின் மழைக்கோட்டு.
நான்காவது ஓர் ஆசிரியை.
படியில் வழுக்கியது என்றார்.
ஆசிரியை ஆயிற்றே,
உள்ளங்கைச் சுண்ணப்பொடிக்கு
நான் விளக்கம் கேட்கவில்லை.

விளையாட்டு பரவுகிறது என்று பத்திரிகை எழுதியது.
அம்மையும் அப்படித்தான் என்றார் எங்கள் டாக்டர்.
பதினோரு பேர் வந்துபோன பயிற்சிக்கூடத்தில்
வரிசை தெருமுனைவரை நின்றது.
எனக்குப் பஞ்சு தீர்ந்து
பேர்னுக்கு எழுதிப் போட்டேன்.

மூன்றாம் வாரம் அவளே வந்தாள்.
புகைப்படக்காரர் யாரும் இல்லை.
என் தோளுக்குக் கீழே நின்றாள்,
அவ்வளவு சிறிய பெண்.
"எல்லாம் என்னாலா? எத்தனை பேர்?"
முப்பத்தேழு என்றேன்.
ஆசிரியை படியில் விழுந்தவர்.

ஒவ்வொரு கட்டிலும் பெயர் எழுதினாள்.
எல்லாரும் போனபின்
முக்காலியில் உட்கார்ந்து இடக்கையை நீட்டினாள்:
"பத்து வயதில். மறுநாள் போட்டி இருந்தது,
யாரிடமும் சொல்லவில்லை."
பெருவிரலால் தடவிப் பார்த்தேன்.
கரும்பின் கணுபோல்
எலும்பு தன்னிஷ்டத்துக்குக் கூடியிருந்தது.
இனி ஒன்றும் செய்வதற்கில்லை.
அவளுக்கும் அது தெரியும்.
சும்மா ஒருத்தி தொட்டுப் பார்க்கட்டும் என்றுதான்
நீட்டியிருப்பாள்.

என் கைப்பொடி அவள் தோலில் ஒட்டிக்கொண்டது.
தட்டிவிடவில்லை.
இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்துக்கொண்டு
எழுந்தாள், பழக்கதோஷம்,
எதிரே ஏறுவதற்கு
என் அலமாரிதான் இருந்தது.

லீனுஸின் கட்டைப் பிரிக்கும் நாள்.
"பெயரில் படாமல் வெட்டுங்கள்."
பெயரோ மணிக்கட்டைச் சுற்றி ஓடியிருந்தது.
வளைந்து நெளிந்து ரம்பத்தை ஓட்டினேன்,
கடைசி எழுத்தில் கொஞ்சம் பட்டது,
மன்னித்தான்.
உள்ளே வெளிறி மெலிந்து
வெங்காயத்தண்டு மாதிரி ஒரு கை.

ரம்பத்தை நான் கீழே வைப்பதற்குள்
தாழ்வாரத்தில்
இரண்டு கால்கள் மேலே.

பேர்னுக்கு
மறுபடியும் எழுதிப் போட்டேன்.