சும்மா நின்றவன்

எங்கள் விளையாட்டில் துப்பாக்கி இல்லை.
ஒரு தெருமுனை, ஒரு கை,
வந்துகொண்டே இருக்கும் வெள்ளை டாக்சிகள்.

ஆட்காட்டி விரல் வானத்தைக் காட்டினால் டவுன்.
தரையைக் காட்டினால் இங்கே பக்கத்தில்தான்.
பழம் ஏந்துவதுபோல் உள்ளங்கை குவிந்தால்
ஆரஞ்ச் ஃபார்ம் வரைக்கும்.
ஜோஹானஸ்பர்க்கில் பிறந்தவர்களுக்கு
இது எழுத்துக்கு முந்தின பாடம்.
டர்பன்காரி எனக்கு
இரண்டாம் வருஷம்வரை விரல் தப்பியது.
ஒருமுறை தப்பான வண்டியில் ஏறி
பேர் தெரியாத ஒரு பாலத்தடியில் இறங்கி
அழுதுகொண்டே கராபோவுக்கு ஃபோன் செய்தேன்.
வயிறு வலிக்கச் சிரித்தாள். அப்புறம்,
"யுகி, நம்ம ஃபைனல் பிராஜெக்ட் கிடைச்சாச்சு" என்றாள்.

படம் கராபோ.
ஒலி ரூவான். டாக்சிக் கதவு இழுத்துச் சாத்தும்
ஒரே ஒரு சத்தத்துக்காக
மைக்கும் கையுமாக மூன்று நாள் ஸ்டாண்டில் அலைந்து
திருடன் என்று துரத்தப்பட்டான்.
கோடு எழுதுவது நான்.
ஃபீனிக்ஸ் கோயிலில் அம்மா எல்லாரிடமும்
கம்ப்யூட்டர் சயன்ஸ் என்றே சொல்லிவைத்திருக்கிறாள்.
பாதி உண்மை.
அந்தப் பாதியில்தான் என் தூக்கம் போகிறது.

முதல் மாதம் முழுக்க
எங்கள் பயணி தரைக்குள் விழுந்துகொண்டே இருந்தாள்.
நடைபாதைக்குக் கீழே, நகரத்துக்குக் கீழே,
சாம்பல் நிற ஒன்றுமில்லாததில்
கைப்பையோடு.
தரை கண்ணுக்குத் தெரிந்தால் போதாது.
தரையிடமும் சொல்லவேண்டும்,
நீ தரை என்று.

புவியீர்ப்பை உள்ளது உள்ளபடி
ஒன்பது புள்ளி எட்டு என்று வைத்தேன்.
படியிலிருந்து குதித்தவள் பலூன்போல் இறங்கினாள்.
இருபது வைத்தபோதுதான் எடை வந்தது அவளுக்கு.
பள்ளிக்கூடத்து பிசிக்ஸ் மிஸ் மன்னிக்கமாட்டார்.

ஆகஸ்டில் ஸ்டேஜ் ஃபோர்.
லேப் இருண்டதும் நாற்பது பேர்
நான்கு மொழிகளில் ஒரே கெட்ட வார்த்தை சொன்னோம் என்று
எழுத ஆசைதான்.
சேவ் செய்யாதவர்கள் வாயே திறக்கவில்லை.
நான் வாய் திறக்கவில்லை.

அக்டோபரில் பிளே டெஸ்ட்.
விளையாடுகிறவரிடம் பேசக்கூடாது, அதுதான் விதி.
பின்னால் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டு
நோட்டில் எழுதவேண்டும்.
முதல் ஐந்து பேரும் "நல்லாருக்கு" என்றார்கள்.
அதைவிட மோசமாக யாரும் எங்களைத் திட்டியதில்லை.

ஆறாவது ஆள் லின்டானி. அக்கவுண்டிங்.
இலவச பீட்சாவுக்கு வந்தவன்.
டாக்சி வந்தது. கை தூக்கவில்லை.
இன்னொன்று. தூக்கவில்லை.
'புரியவில்லை' என்று எழுதினேன்.
'டுடோரியல் மோசம்.' அடிக்கோடு.
மூன்றாம் நிமிஷம் என் டைமர் அவனைத் தோற்கடித்தது.
திரை சிவந்தது: தாமதம். வேலை போயிற்று.

ஹெட்ஃபோனைக் கழற்றாமலே கத்திக் கேட்டான்:
"இந்த மழை எங்க எடுத்தீங்க?"
ரூவான் பள்ளிப் பையன்போல் கையைத் தூக்கினான்.
"எங்க ஸ்டாப்பும் தகரக் கூரைதான்.
விடியக்காலை நாலரைக்கு நிப்பேன்.
சத்தம் இப்படி இருக்கும்னு தெரியாது."
அவ்வளவுதான். எழுந்து போய்
காளான் பீட்சா தீர்ந்துவிட்டதா என்று விசாரித்தான்.

அன்றிரவு இருநூற்றுப் பதினேழாவது வரியைத் தேடிப் பிடித்தேன்.
நின்றால் தோல்வி.
யாரும் கேட்காமல், நானேதான் எழுதியிருக்கிறேன்.
எங்கிருந்து வந்தது அது என் விரலுக்கு?
"எடுத்தா கேமே இல்ல" என்றாள் கராபோ.
"எடு" என்றான் ரூவான்.

(அறுபத்திரண்டு மார்க்.
வெற்றி நிபந்தனை தெளிவாக இல்லை என்று குறிப்பு.
அது நவம்பர் கதை.)

எடுத்தேன். ஓடவிட்டேன்.
தகரத்தில் மழை.
டாக்சிகள் ஹாரன் அடித்துக் கேட்டுவிட்டுப் போயின.
அவள் நின்றாள்,
பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள்.
யாரும் அவளை ஒன்றும் செய்யவில்லை.

கன்ட்ரோல் எஸ் அழுத்தினேன்.
இன்னொரு தடவையும் அழுத்தினேன்.
பத்து மணிக்கு கரண்ட் போய்விடும்.