இரண்டாவது அழைப்பு

வூப்பர்டாலில் ரயில் தொங்கிக்கொண்டு போகும்,
ஆற்றுக்கு மேலே,
அவள் சமையலறை ஜன்னலுக்கு நேரே.
நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை
அடுக்கிலுள்ள கோப்பைகள் நடுங்கும்.

அந்தச் சமையலறைதான் நிலையம்.
அரிசி மூட்டைமேல் தொலைபேசி,
பக்கத்தில் குரலைப் பதிந்து வைக்கும் பெட்டி,
தவணைக்கு வாங்கியது.
பத்மலோஜினி, துப்புரவுப் பணியாளர்:
வெளிநாட்டவர் அலுவலகத் தாளில் அப்படித்தான் இருந்தது.
இரவு பத்துக்கு வேலை முடித்து வருவாள்.
கையில் குளோரின் மணம் போகுமுன்
ஆறு நிமிடம் செய்தி வாசிப்பாள்.
பெயர்களை எழுதிக் கொடுப்பவன் நான்.
(சம்பளம் பிறகு என்றாள்.
மூன்று மாதம் இன்னும் பாக்கி.)

அந்த எண்ணை அழைத்தால் செய்தி கேட்கும்.
ஆனால் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான்.
ஸ்டுட்கார்ட்டில் ஒருவர் கேட்டு முடிக்க
ஒஸ்லோவில் ஒருவர் விரலால் சுழற்றிக்கொண்டிருப்பார்.
ஊர்ச் செய்திக்கும்
சங்கக்கடை வரிசை மாதிரி நின்ற சனம் நாங்கள்.

ஒருநாள் காலை ஒரு குரல்:
"தங்கச்சி, டோர்ட்முண்ட் கனகலிங்கம் கதைக்கிறன்.
நேற்று இரவு என்னைச் சாகடிச்சுப் போட்டியள்.
மலர்வளையம் மூண்டு வந்திருக்கு.
ஒண்டுக்குப் பூக்காரன் என்னட்டையே காசு கேக்கிறான்."

அவள் பேருந்து பிடித்துப் போய் மன்னிப்புக் கேட்டாள்.
அவர் தேநீர் கொடுத்து, ஐம்பது மார்க்கும் கொடுத்தார்.
அதுதான் எங்கள் முதல் விளம்பரம்:
"கனகலிங்கம் உயிரோடு இருக்கிறார்.
அவர் கடையில் முருங்கைக்காயும் இருக்கிறது."

அன்றிரவே குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டினாள்:
சாவு என்றால் இரண்டு பேர் சொல்லவேண்டும்.
ஒருவரை ஒருவர் தெரியாத இரண்டு பேர்.

பிறகு ஒரு தை மாதம்.
வவுனியாவிலிருந்து ஓர் அழைப்பு.
தாளில் ஏழு பெயர் எழுதினேன்,
ஏழாவதை எழுதும்போது பேனையை மெதுவாக்கினேன்.
அவள் எட்டிப் பார்த்தாள். அவளுடைய தம்பி.

ஆறு பெயர் வாசித்தாள்.
எழுந்து போய்ப் பருப்பைக் கழுவினாள்,
தண்ணீர் தெளிந்த பிறகும் கழுவினாள்.
"இரண்டாவது ஆள் இன்னும் எடுக்கேல்லை" என்றாள்.

எப்படி எடுப்பார்?
செய்தி வருவதும் அதே கம்பியில், போவதும் அதே கம்பியில்.
ஐரோப்பா முழுக்க அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தது.
எங்கோ ஒருவர் அவளிடம் சொல்வதற்கு
திரும்பத் திரும்ப எண் சுழற்றி
நிறைந்த கம்பியின் விக்கலைக் கேட்டிருப்பார்.

நான்கு நாள். ஐந்தாம் நாள்
பெட்டியின் கம்பியைப் பிடுங்கினாள்.
தன் குரலை அவளே நிறுத்தியது அன்றுதான்.
பத்து நிமிடம்கூட ஆகவில்லை, மணி அடித்தது.

அன்றிரவு தம்பியை வாசித்தாள்.
பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது இருபத்தாறு.
மற்றவர்களுக்குக் கொடுத்த அதே வேகம்.
உறவு சொல்லவில்லை.
நடுவில் ரயில் போனது.

அடுத்த வாரம் இரண்டாவது இணைப்புக்கு விண்ணப்பித்தாள்.
வங்கி மாட்டேன் என்றது.
செத்துப் பிழைத்த கனகலிங்கம் பிணை நின்றார்.
பின்னர் செய்மதி, பின்னர் தொலைக்காட்சி,
பதினொரு ஊழியர், ஒரு கணக்காளர்,
பிறந்தநாள் வாழ்த்துக்கு ஒரு விலை,
நாற்பத்தைந்தாம் நாளுக்கு வேறு விலை.
விலைகளைப் பற்றிச் சனம் குறை சொல்லும்.
சொல்லட்டும் என்பாள், வாடகை யார் கட்டுகிறது?
ஜெர்மன் பத்திரிகைக்காரி ஒருத்தி
ஆரம்ப மூலதனம் எவ்வளவு என்று கேட்டாள்.
"சாகாத ஒரு மனிதர்" என்றாள் லோஜினி.
அந்தப் பெண் அதை எழுதிக்கொள்ளவில்லை.

புதிய கலையகத்தில் ஜன்னல் இல்லை.
சுவருக்குப் பஞ்சு, கதவுக்கு ரப்பர்.
டொரன்டோவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்:
"முன்பெல்லாம் உங்கள் செய்திக்குப் பின்னால் கடல் கேட்கும்.
இப்போது கேட்கவில்லை. வீடு மாறிவிட்டீர்களா?"

கடிதத்தை இரண்டு முறை வாசித்தாள்.
ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு
பெஸ்டலோட்சி தெரு நிலையத்தின் கீழே போய் நின்றாள்,
அறுபத்திரண்டு வயதில், மழைக்கோட்டோடு.
ஐஸ்கிரீம் கேட்டு அழுத யாரோ ஒரு பிள்ளையிடம்
வாயில் விரல் வைத்துக் காட்டினாள்.
பிள்ளை அண்ணாந்து பார்த்தது.

கடல் வந்துகொண்டிருந்தது.