பதினொன்று பெருக்கல் பதினொன்று

மீனாட்சிபுரம், பால் சோதனைச்சாவடி.
உத்திராடத்துக்கு நான்கு நாள்.
பொள்ளாச்சிப் பக்கமிருந்து
சராசரியாகப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு டேங்கர்.
ஒன்றைச் சோதித்து அனுப்பப் பதினோரு நிமிஷம்.
ஒரு நிமிஷம் மிச்சமிருக்கிறதே என்று
சராசரியை நம்புகிறவர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

டேங்கர்கள் சராசரியை நம்புவதில்லை.
மூன்று சேர்ந்தாற்போல் வரும்.
அப்புறம் அரைமணி நேரம்
சாலையில் ஒரு வெள்ளாடு மட்டும் நிற்கும்.
அந்த அரைமணியைப் பிடித்துவைத்து
நெரிசலில் செலவழிக்க எந்தச் சாவடிக்கும் வழியில்லை.

சூத்திரத்தில் போட்டேன்.
பதினோரு நிமிஷ வேலைக்குக் காத்திருப்பு
நூற்று இருபத்தொரு நிமிஷம்.
நம்பாமல் வெளியே போய்ப் பார்த்தேன்.
வண்டிக்கடியில் துண்டு விரித்துப் படுத்திருந்தார் நாச்சிமுத்து.
எவ்வளவு நேரமாச்சு?
"ரெண்டு மணி நேரமாச்சுங்க.
பன்னண்டாயிரம் லிட்டரு, நேத்துச் சாயங்காலக் கறவை.
நல்ல பாலான்னு பார்க்க நிறுத்திவெச்சே
கெட்ட பாலாக்கிருவீங்க போலிருக்குதுங்க."

நான் வந்தது வரிசைக்காக அல்ல.
போன வருஷம் இரண்டு டேங்கர் தோற்றன,
ராத்திரியோடு ராத்திரியாகப் பேரேட்டில் தேறின.
அதனால் பிளாக்செயின்.
என்ன சாதனம் அது என்று கேட்ட கிளார்க்கிடம் சொன்னேன்:
நான்கு ஊரில் நான்கு கணக்கர்கள்.
ஒருவர் எழுதியதை
மற்ற மூவரும் ஒப்புக்கொண்டால்தான் மை காயும்.
காய்ந்துவிட்டால் யார் நகமும் சுரண்ட முடியாது.
அவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

கடிகாரத்தை வைத்து உட்கார்ந்தேன்.
மாதிரி எடுக்க இரண்டு.
கொழுப்பு, யூரியா, சோடா, திரிதல் எல்லாவற்றுக்கும் ஏழு.
சீல் வைக்க ஒன்று.
பத்துதான் வருகிறது.
பதினோராவது,
லேப் ஷீபா கையைக் கட்டிக்கொண்டு
திரையில் சுற்றும் வட்டத்தைப் பார்க்கிற நிமிஷம்.
மூன்று ஊர் தலையாட்டும்வரை.
என் நிமிஷம்.

அதை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டேன்.
காத்திருப்பு ஐம்பது.
மறுபடி போட்டேன், ஐம்பதுதான்.
நான் கொண்டுவந்த ஒரு நிமிஷம்
வண்டிக்கு எழுபத்தொன்றாய்
வெயிலில் நிற்கிறது.

திருவனந்தபுரத்துக்குப் போன் செய்தேன்.
"ஒப்புதல் வராமல் சீல் இல்லை.
அதுதானே உங்க திட்டத்தோட உயிரே?"
என் வாக்கியம்தான். மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.

நாச்சிமுத்துவின் முறை வந்தபோது
சாராயத் துளியில் பால் மணல் மணலாய்ப் பிரிந்தது.
ஷீபா இரண்டாம் தரம் பார்த்தாள்.
தோல்வி என்று தட்டினாள், வட்டம் சுற்றியது,
நான்கு ஊரும் ஒப்புக்கொண்டன, உண்மைதான்.
பால் திரிந்தது பதிவாகும்.
எங்கே நின்று திரிந்தது என்பதற்கு
நான் கட்டம் போட்டிருக்கவில்லை.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பன்னீர்க்காரன் ஒருவனைப் பாதி விலைக்கு
போனில் தேடிக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.
மாதத் தவணை ஐந்தாம் தேதி என்று
டேங்கரின் கதவிலேயே சாக்பீஸில் எழுதியிருந்தது.

அடுத்த வண்டிக்கு வட்டம் சுற்ற ஆரம்பித்ததும்
ஷீபா எழுந்தாள்.
அகப்பையை எடுத்துக்கொண்டு
பின்னால் நின்ற டேங்கரின் மூடியைத் திறந்தாள்.
மாதிரிக் குப்பியில் நீல மையால் எண் எழுதினாள்.
விதி நான்கு: முன்வண்டி வாசல் தாண்டாமல்
பின்வண்டியின் மூடி திறக்கலாகாது.
அதுவும் நான் எழுதியது.
"அது கறங்கட்டே மேடம்.
ஞான் உட்கார்ந்து பார்த்தா வேகமா கறங்குமா?"

வாயைத் திறந்தேன். பிறகு
கடிகாரத்தைப் பையில் போட்டேன்.

சாயங்காலம் வரிசையின் வால்
டீக்கடையைத் தாண்டவில்லை.

சங்கிலியில் அது அப்படியே இருக்கிறது:
இருபத்தேழாம் டேங்கரின் மாதிரி
இருபத்தாறாம் டேங்கரின் சீலுக்கு
இரண்டு நிமிஷம் முந்தி.
இருபத்தெட்டு, இருபத்தொன்பது, அதற்கடுத்ததும்.
தணிக்கைக்கு வருகிறவர்
முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார்.
அழிக்க முடியாது, என்னாலும்.