அறுபத்து நான்குக்கு மேல்

ஹ்ருஷோவானி சர்க்கரை ஆலை வாசலில்
எடைமேடைக்கு ஒரு கணினி.
அக்டோபர் முழுக்க அதன் முன்னால்
பீட்ரூட் லாரிகள்,
சேறும் சினமும் சொட்டச் சொட்ட.

லாரி ஏறி, எண் நின்று,
சீட்டு அச்சாகி வர
நாற்பது நொடி.
மெதுவாக இருக்கிறது என்றார்கள்.
மெதுவுக்கு அன்று எல்லோரும் அறிந்த மருந்து ஒன்றே:
நினைவகத்தைக் கூட்டு.

செவ்வாய்க்கிழமை ப்ர்னோவிலிருந்து பேருந்தில் வந்தேன்.
கோட்டின் உள்பையில்
வெள்ளித்தாள் சுற்றிய அறுபத்து நான்கு மெகாபைட்,
என் மனைவி கேட்ட குளிர்கால பூட்ஸைவிட
விலை அதிகம்.
ஏற்கெனவே இருந்ததும் அறுபத்து நான்கு.
இருநூற்று ஐம்பத்தாறு வரை ஏற்கும் என்றது
தாய்ப்பலகையின் கையேடு.
செருகினேன். கிளிக் என்றது.
கறுப்புத் திரையில் வெள்ளை எண் ஓடி
நூற்று முப்பத்தோராயிரத்து எழுபத்திரண்டில் நின்றது,
ஒன்றுகூடக் குறையாமல்.
திரஹோமீரா முட்டைக்கோஸ் சூப் தந்தாள்.
கடைசிப் பேருந்தும் கிடைத்தது.

வியாழக்கிழமை தொலைபேசி.
"என்ன செய்துவிட்டுப் போனாய்?
இப்போது ஒரு நிமிடம் இருபது நொடி,
கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தேன்.
வரிசை கல்லறைத்தோட்டம் தாண்டி
ரயில்வே கேட்டில் நிற்கிறது.
ஓல்ட்ரிக் என் ஜன்னலில் பீட்ரூட் எறிந்தான்.
நல்லவேளை, சின்னது."

கூட்டினால் எப்படிக் குறையும் என்று கேட்டேன்.
யாரிடம் கேட்கிறேன் பாருங்கள்:
ஒட்டிவந்த மண்ணையும் சேர்த்து எடைபோட்டு,
பிறகு மண்ணைக் கழித்தெழுதுவதே
வேலையாக உள்ளவளிடம்.

அன்றிரவு எடைமேடை அறையிலேயே தங்கினேன்.
வெளியே டீசல் புகையும் பனிமூட்டமும்.
கையேட்டில் இல்லாதது
சில்லு செய்தவர்களின் தாளில் இருந்தது,
அடிக்குறிப்பாக, எறும்பு எழுத்தில்.

செயலிக்குப் பக்கத்திலே
சின்னதாய் ஒரு வேகநினைவு.
அடிக்கடி கேட்பதைக் கையெட்டும் தூரத்தில் வைத்துத் தரும்.
எது எங்கே என்று அது எழுதிவைக்கும் ஏட்டில்
கட்டங்கள் கம்மி.
முதல் அறுபத்து நான்குக்குத்தான் பெயர் எழுத இடம்.
அதற்கு மேலே உள்ளதைக் கேட்டால்
ஒவ்வொரு முறையும் நடந்தேபோய் எடுத்துவர வேண்டும்,
சற்றுமுன் எடுத்ததையே,
அதற்குச் சற்றுமுன் எடுத்ததையே.

விண்டோஸுக்கோ
மேலிருந்து கீழாக நிரப்பும் பழக்கம்.
நான் சேர்த்த புது மாடியில்
மொத்தக் குடித்தனமும் ஏறி உட்கார்ந்துகொண்டது.
கீழே நல்ல வீடு
விளக்கெரியக் காலியாய்க் கிடந்தது.

இடம் கொள்ளும்.
நினைவில் கொள்ளாது.
இதைக் கையேட்டில் அச்சடிக்க
எத்தனை பைட் ஆகியிருக்கும்?

விடியும் முன் பிடுங்கினேன்.
அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு.
ஓல்ட்ரிக்கின் லாரி முதலில் ஏறியது.
நாற்பது நொடி.
போன வாரத்து அதே நாற்பது.
மெதுவென்று ஒருவரும் சொல்லவில்லை.
"இப்போது பறக்கிறது" என்றான் அவன்,
தொப்பியைத் தூக்கி,
உடைந்த கண்ணாடியைப் பாராமல்.

லாரிகள் ஓய்ந்த ஒரு இடைவெளியில்
திரஹோமீரா அந்தப் பச்சைத் துண்டை
என் கையிலிருந்து வாங்கி,
சேறு பார்த்து நடந்து,
அறுபது டன் தாங்கும் மேடையின் நடுவில் வைத்தாள்.
திரும்பி வந்து திரையைப் பார்த்தோம் இருவரும்.
சுழியம்.
விசையை அழுத்திச் சீட்டும் அச்சடித்தாள்,
தேதி, நேரம், முத்திரையோடு.
"கணக்கில் காட்டு" என்றாள்.

பிரித்த வெள்ளித்தாளைக் கடைக்காரன் திரும்ப வாங்கவில்லை.
சீட்டு இன்னும் இருக்கிறது.
பூட்ஸ் டிசம்பரில் வாங்கினோம்,
தவணையில்,
ஒரு அளவு பெரிதாக.