பேரு?

காலையில் பரேல் பாலத்தில் நெரிபட்டு வந்து
வெள்ளைக் கோட்டை மாட்டும்போது
விரல்களில் வடாபாவ் எண்ணெய்.
அதைத்தான் முதலில் கழுவுவேன்.
மூன்றாம் மாடியில்
வாயால் சாப்பிடுகிறவர் யாரும் இல்லை.

என் வேலை கணக்கு.
பாசிப்பருப்பு முப்பது கிராம், ரவை இருபது,
பால் பவுடர் இரண்டு கரண்டி, எண்ணெய் ஒரு கரண்டி.
குழைய வேகவைத்து அரைத்து
இருமுறை வடிகட்ட வேண்டும்.
ஒரு திப்பி போனாலும் குழாய் அடைத்துக்கொள்ளும்.
இருநூறு மில்லி. இரண்டு மணிக்கு ஒருதரம்.

பதினேழாம் படுக்கை தவசிமணி,
முப்பத்தோரு வருஷம் டாக்ஸி ஓட்டியவர்.
மாஹிமில் எந்தச் சந்தில் எந்தக் கடையில்
ராத்திரி ஒரு மணிக்கும் பாயா கிடைக்கும் என்று
நகரத்தை நாக்கால் படித்து வைத்திருந்தவர்.
நாக்கில் பாதி இப்போது இல்லை.
மூக்கில் குழாய். மடியில் போன வருஷத்து டைரி.

சிரிஞ்சை உயர்த்திப் பிடித்தேன்.
மஞ்சளாய், அவசரமில்லாமல் இறங்கியது.
டைரியைத் திருப்பிக் காட்டினார்: என்ன இது?
"முந்நூறு கலோரிங்க, புரதம் பதினைந்து கிராம்."
தலையை அசைத்துவிட்டுக்
கீழே எழுதினார்: பேரு?

நாலு வருஷம் படித்திருக்கிறேன்.
அதற்குப் பேர் எந்தப் பாடத்திலும் இல்லை.
பதினொரு மணி ஃபீட் என்போம், அவ்வளவுதான்.

துண்டை மடித்துக்கொண்டிருந்த ஞானப்பூ அக்கா
திரும்பாமலே சொன்னார்:
"பொங்கலு. நல்லமிளகு தூக்கலாப் போட்டிருக்கு."

அவர் கண்ணை மூடினார்.
குழாய் தன்பாட்டுக்குக் கொண்டுபோகிறது,
தொண்டைக்கு அங்கே ஜோலியே இல்லை.
ஆனாலும் குரல்வளை
ஒருமுறை ஏறி இறங்கியது.
பார்த்தேன். சார்ட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

பிறகு எழுதினார்:
உப்பு கம்மி.

அக்கா சிரித்த சிரிப்பில்
என் கை ஆடி, கோட்டில் ஒரு சொட்டு.

மறுநாள் அதே பருப்பு, அதே ரவை: கூட்டாஞ்சோறு.
அதற்கடுத்த நாள் சொதி.
ஞாயிற்றுக்கிழமை, வார்டு கேட்டுவிடுமோ என்பதுபோல்
காதருகே குனிந்து: நெய்மீன் குழம்பு.

பக்கத்துப் படுக்கை யமுனாபாய்க்குத் தமிழ் தெரியாது.
சிரிப்பது தெரிந்தது.
அவருக்குத் தருவதையே ஆயிக்கும் தாருங்கள் என்று
மகன் வந்து நின்றான்.
ஒரே பாத்திரம்தான் தம்பி, ஒரே கரண்டி.
அந்த அம்மா கேட்டது அதையல்ல.
உள்ளங்கைகளை மாற்றி மாற்றித் தட்டிக் காட்டினார்.
எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.
"பாக்ரி" என்றேன் என் மாதுங்கா மராத்தியில்,
"தொட்டுக்கப் பச்சைமிளகாய் தேச்சா."
ஸ்ஸ் என்று
உறைப்புக்கு மூச்சை இழுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் கேட்டு
பதினேழாம் எண்ணுக்கு
அரை கிராம் உப்பு கூட்டியிருக்கிறேன்.
காரணம் என்ற இடத்தில்
சோடியம் அளவு என்று எழுதினேன்.
அதுவும் பொய்யில்லை, கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது.
ஞானப்பூ அக்காவிடம் சொல்லவில்லை.