டீசல் தீர்ந்த இரவு

ஜெனரேட்டர் வண்டி தள்ளுகிறவன் நான்.
சங்கீதம் பேச எனக்கு
ஒரு காதுதான் மிச்சம்,
அதுவும் இடது.

ஊர்வலத்தில் என் இடம் கடைசி.
எனக்கு முன்னால் மாப்பிள்ளை கார்,
அதற்கு முன்னால் இரண்டு வரிசையாய்த்
தலையில் விளக்குச் சுமக்கும் பெண்கள்,
நடுவில் பேண்டு செட்டு.
வயரின் நீளம் எவ்வளவோ
அவ்வளவு தூரம் எனக்கும் பாட்டுக்கும்.

டூபாவை நாங்கள் அண்டா என்போம்.
கல்யாண வீட்டுப் பிள்ளைகள் அதற்குள்
கடலைத்தோல் போடுவார்கள், ஒருமுறை
முழு லட்டு.
இன்னாசி கோபித்துக்கொண்டதில்லை.
பகலில் அரசரடியில் பஞ்சர் ஒட்டுகிறவர்.
தண்ணீர்த் தொட்டி வேண்டாம் அவருக்கு,
டியூபைக் கன்னத்தருகே கொண்டுபோனால் போதும்,
ஓட்டை தானே பேசும்.

அண்டாவின் வேலை எல்லோருக்கும் தெரியும்:
பூம். பூம்.
ட்ரம்பெட்காரன் மொட்டைமாடியில் நின்று கூவுவான்,
அடியில் இது கடக்கால்.
கடக்காலைப் பார்க்க யார்
கிரகப்பிரவேசத்துக்குப் போகிறார்கள்?

வைகாசியில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு.
டீசல் பார்க்க மறந்துவிட்டேன்.
பொய். பார்த்தேன்,
போதும் என்று நினைத்தேன்.
தெற்கு மாசி வீதி முடிந்து
மேல மாசி வீதிக்குத் திரும்பும் முனையில்
வண்டி இரண்டு தடவை இருமி நின்றது.
தெருவிலும் கரண்ட் இல்லை.

ட்ரம்பெட் பாதியில் அறுந்தது.
கிளாரினெட் பின்னாலேயே.
சைடு ட்ரம் ரெண்டு தட்டுத் தட்டிப் பார்த்து
வெட்கப்பட்டு விட்டது.

அண்டா நிற்கவில்லை.

முதலில் அதே பூம், பூம்தான்.
பிறகு அதில் ஒன்று
பக்கத்துச் சத்தத்தின் தோளைத் தொட்டது,
அது அடுத்ததை.
நடுவில் எங்கே மூச்சு வாங்கினார்
யாருக்கும் தெரியாது.
என்ன ராகம் என்று கேட்காதீர்கள்.
தெப்பக்குளத்துக்கு வைகைத் தண்ணீர் திறக்கும் நாளில்
முதலில் படிக்கல் கறுக்கும்,
கொஞ்சம் கழித்துத்தான் தண்ணீர் தெரியும்.
அப்படி ஏறியது.

அவ்வளவு பெரிய வாயில்
அவ்வளவு சின்னப் பேச்சு.
யானை தும்பிக்கையில் காசெடுக்கிற மாதிரி என்றான்
பிறகு சைடு ட்ரம் சோலை.
இல்லை. யானை அதைப் பாகனுக்காகச் செய்கிறது.
இது யாருக்காகவும் இல்லை,
இருட்டில் யார் வாசிக்கிறார் என்றுகூடத் தெரியவில்லை.
அணைந்த விளக்கை இறக்கி வைக்காமல்
கழுத்தை அசைக்காமல் நின்றாள் ஒச்சம்மா.
மூடிய நகைக்கடை வாசலில் படுத்திருந்த மாடு
அசைபோடுவதை நிறுத்தியது.

என் கை வண்டியின் கைப்பிடியில் இருந்தது.
எஞ்சின் செத்திருந்தது,
இரும்பு அதிர்ந்தது.
பத்து வருஷம் முன்னால் போன என் வலது காது
உள்ளங்கையில் இருந்திருக்கிறது.

'எங்கய்யா ஜெனரேட்டர்காரன்?'
பெண்வீட்டு மாமா இருட்டில் கத்திக்கொண்டு வந்தார்.
கேன் என் இன்னொரு கையில்.
மூடி திறந்திருந்தது.
நான் ஊற்றவில்லை.
எவ்வளவு நேரம் என்று இப்போதும் சொல்லமாட்டேன்.

வெளிச்சம் வந்தது.
எல்லாரும் முகத்தைச் சரிசெய்துகொண்டோம்.
பூம். பூம்.
ட்ரம்பெட் பழையபடி மாடி ஏறியது.
எனக்குக் கூலியில் இருநூறு பிடித்தார்கள்.

பரோட்டாக் கடையில் கேட்டேன்,
'அண்ணே, அது என்ன?'
'எது?'
'லைட் போனப்ப.'
'சும்மா நின்னா வால்வு ஒட்டிக்கிரும்பா'
என்றபடி அண்டாவைக் கவிழ்த்தார்.
எச்சில் தண்ணீர் ஒரு கை,
இரண்டு கடலைத்தோல்,
ஒரு ரோஜா இதழ் விழுந்தன.
சால்னா ஊற்றச் சொல்லி இலையைத் தள்ளினார்.

ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டன.
டீசலை இப்போது குச்சி விட்டுப் பார்க்கிறேன்,
இரண்டு தடவை.
முனை வரும்போதெல்லாம் இன்னாசி
லேசாகத் திரும்புகிறார்.
என் வண்டியைப் பார்க்கிறாரா
பாரம் தாங்காமல் கழுத்தை ஆற்றுகிறாரா,
இத்தனை வெளிச்சத்தில்
ஒன்றும் தெரிவதில்லை.