கட்டணப் பத்தி

ஐந்து நகரங்களை எக்ஸெலில் போட்டு வைத்திருக்கிறேன்.
லண்டன் விண்ணப்பக் கட்டணத்திலேயே சிவப்பாயிற்று.
பெர்லினில் படிப்புக்குக் காசில்லையாம்,
ஆனால் ஒரு வருடச் சாப்பாட்டுக் காசை
முன்னமே வங்கியில் பூட்டிக் காட்டவேண்டும்:
காசு தேவையில்லாதவளென்று நிரூபிக்கக் காசு.
டெல்லி மலிவு. அம்மா "வெயில்" என்கிறா.
வெயிலைச் சொல்லவில்லை என்று இருவருக்கும் தெரியும்.

பகலில் நான் ஸ்டான்லி வீதி லீசிங் கொம்பனி.
வியாழன், குருநகர்.
எமில்டா அக்கா ஐஸ்பெட்டி மூடியில் வைத்து
எண்ணித் தந்தா, முந்நூறு குறைய.
தாள்களில் மீன் ஈரம்.
"வேலையை விடப்போறியளாம்?"
"முதுமாணி படிக்கப்போறன் அக்கா. அரசியல் பொருளாதாரம்."
"அதென்ன?"
கடன் ஏன் சிலரை மட்டும் தேடி வருகிறது,
வட்டி யார் வீட்டுக்குப் போய்ச் சேருகிறது
என்று ஏதோ சொன்னேன்.
"அதுக்குக் காசு?"
"லோன்தான்."
அவ சிரிக்கத் தொடங்கி, இருமி,
மதிலுக்கு அங்கால் நின்ற ஸ்டெல்லாவையும்
கூப்பிட்டுச் சொன்னா.
ரசீதில் முழுத்தொகை எழுதினேன்.
முந்நூறு என் கைப்பையிலிருந்து போனது.
நோக்கக் கூற்றில் இது வராது.

இரவு மிஞ்சியது கொழும்பு:
சனி ஞாயிறு வகுப்பு, நாலு தவணை, பிணையாள் தேவையில்லை.
சேமிக்கப் போன விரலை நிறுத்தி
மறந்த பத்தியொன்றைச் சேர்த்தேன்:
வெள்ளி இரவு பஸ். போக, வர, இரண்டு வருடம்.

கூட்டுத்தொகை கலத்துக்குள் அடங்கவில்லை.
இலக்கங்கள் இருந்த இடத்தில்
நெருக்கி நட்ட கதியால் மாதிரிச்
சின்ன வேலியொன்று நிற்கிறது.
பத்தியின் ஓரத்தைப் பிடித்து
மெல்ல இழுக்கிறேன்.